வெளிப்பக்கத் திறாங்கு

குசினிக் கதவின் வெளிப்பக்கத்தில் திறாங்கு, அதுதான் தாழ்ப்பாள், இல்லை. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் கமலாசனிக்கு இது தெரியும். கழற்றிய கையோடு கொண்டுபோய்க் கிணற்றில் போட்டவளே அவள்தான். அப்படியிருக்க, பொழுதுபட்ட மைமல் நேரம் கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு, மழை விட்ட முற்றத்துச் சேற்றில் செருப்பு ஒட்டி ஒட்டி வர நடந்துகொண்டிருந்தவளின் காதில், அந்தக் கதவுப் பக்கமிருந்து இரும்புத் தண்டு ஒன்று உராய்ந்து ஓடித் தன் வளையத்துக்குள் விழுகிற சத்தம் கேட்டது. முதலில் கிறீச். பிறகு டக்.

அவள் நின்றாள். கூட்டுக்குள் ஒரு பேடு இடம் பிடிக்கிற சண்டையில் இன்னும் கொக்கரித்துக்கொண்டிருந்தது. வாய்க்காலில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடுகிற இரைச்சல். வயலிலிருந்து யாரோ லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை உறுமவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற சத்தம். இதெல்லாம் தினமும் கேட்கிறதுதான். அந்த டக் மட்டும், மருமகள் பிரியந்தினி எரிந்த நாளுக்குப் பிறகு இந்த வளவில் கேட்டதில்லை.

"எலியாயிருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். எலி எப்போது திறாங்கு போடப் பழகியது என்று கேட்க அங்கே ஆளில்லை.

அது வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் தனியாக நிற்கிற குசினி. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டுக்குள் சமைத்தால் புதுச் சுவர் கறுத்துவிடும் என்று, இந்தக் குடியேற்றத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி வெளியே மண்சுவரும் தகரக் கூரையுமாக ஒன்று எழுப்பி, பழைய பலகைக் கதவொன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். ஆடுகள் உள்ளே போய்ச் சட்டி உருட்டாமல் இருக்க, கமலாசனியின் மனுசன்தான் கதவுக்கு வெளியே ஒரு சாண் நீளத் திறாங்கு பூட்டினார். அந்த மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார். திறாங்கு இப்போது பொலிஸில் இருக்கிறது.

கதவின் பச்சைப் பூச்சு இன்னும் புதுசு. ஆணி இருந்த ஓட்டைகளை மகன் சுஜிதன் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே இரண்டு தரம் பூசியிருந்தான். தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் அந்த இடம் அம்மைத் தழும்பு போலத் தெரியும். கமலாசனி கையை வைத்துத் தள்ளினாள். கதவு அசையவில்லை. காலையில் தானே அகலத் திறந்து, கல்லும் முட்டுக் கொடுத்துவிட்ட கதவு. தோளைக் கொடுத்து இடித்தாள். மூன்றாம் இடியில் ஒன்றுமே நடக்காததுபோல அது உள்ளே போனது.

"மாரி மழைக்கு மரம் ஊதிப்போச்சு" என்றாள். அதையும் யாரும் கேட்கவில்லை.

எரிந்த நாளுக்குப் பிறகு அவள் இந்தக் குசினியில் அடுப்பு மூட்டியதில்லை. இன்றைக்கு மூட்டத்தான் வேண்டும், சுஜிதனின் கட்டளை. நாளைக்கு நீதவான் முன்னால் மரண விசாரணை மறுபடி எடுக்கிறார்கள். இடத்தைப் பார்க்க ஆட்கள் வந்தாலும் வருவார்கள், பாவிக்காத குசினி என்று தெரியக்கூடாது, சாம்பல் இருக்கவேண்டும், குழம்பு மணக்கவேண்டும் என்று சொல்லி, உரித்த கோழியை அவள் கையில் தந்துவிட்டு, சட்டத்தரணியைப் பார்க்க மத்தியானமே கிளிநொச்சி ரவுணுக்குப் போயிருந்தான்.

போகும்போது மோட்டர்சைக்கிளில் இருந்தபடியே இன்னொரு தரம் சொன்னான். "ஆட்டுக்கொட்டில் திறாங்கு. அவ்வளவுதான். ஒரு சொல்லு. அதுக்கு மிஞ்சி வாய் திறக்காதேங்கோ."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. அதைச் சொன்னால் மகன் வீட்டில் இருப்பான். சொல்லாமல், அது குசினிக் கதவின் திறாங்கு என்றால், கதவு வெளியால் பூட்டியிருந்தது என்றாகும். வெளியால் பூட்டின கதவுக்குள் ஒருத்தி எரிந்தால் அது தற்கொலையா? பிறகு, பூட்டியது யார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் கமலாசனியின் வலது கைப் பெருவிரல் தானாகச் சேலைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த விரலில் நகமில்லை. எப்போதோ தேங்காய் திருவுகையில் திருவலைப் பல்லில் சிக்கிப் பிடுங்கிக்கொண்டு போனது, திரும்ப முளைக்கவேயில்லை.

கிணற்றில் போட்ட இரும்பு வெளியே வந்தது எப்படி? அதுதான் கேலிக்கூத்து. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குக் கிணறு இறைக்கிறது ஊர் வழமை. மருமகள் செத்த வீட்டில் மாமியார் ஒரு முறையையும் தவறவிடவில்லை என்று நாலுபேர் சொல்லவேண்டும் என்ற ஆசையில், கமலாசனி தானே பக்கத்து வீட்டுக் கதிர்காமநாதனிடம் போய், "தம்பி, உங்கடை பம்பைக் கொண்டுவாங்கோ, அடிமட்டும் இறைக்கவேணும்" என்று கேட்டாள். இரும்பு ஞாபகம் இல்லாமலில்லை. சேற்றில் புதைந்து கிடக்கும், யார் துழாவப்போகிறார்கள் என்று நினைத்தாள். புத்தி எங்கே போனதோ! அது ஆவணி, தண்ணீர் வற்றின காலம். கதிர்காமநாதன் சும்மா இறைத்துவிட்டுப் போகிற ஆளா? கயிற்றில் இறங்கி அடிச்சேற்றையும் வாளி வாளியாக அள்ளி அனுப்பினான். அள்ளிய சேற்றில் ஒரு வாளிக்குள் திறாங்கு கிடந்தது. அதன் பிடியில் பலகைத் துண்டொன்று கரியாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

பிரியந்தினியின் தாய் விமலேஸ்வரி கிணற்றுக்கட்டில் நின்றாள். அவள் அழவில்லை, ஏசவில்லை. இரும்பைச் சேற்றோடு எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். மற்றக் கையில் பேத்தி அபிநயாவைத் தூக்கிக்கொண்டு, படையல் சாப்பாட்டையும் தொடாமல் தன் ஊரான உடையார்கட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்; இரும்பு அங்கிருந்துதான் பொலிஸுக்குப் போனது.

நேற்று வந்த பொலிஸ் சார்ஜன்ட் அருந்ததி குசினிக் கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கதிரை வேண்டாமென்று படியிலேயே குந்தினாள். பெண்கள் சிறுவர் பிரிவில் வேலை செய்கிறவள், மெதுவாகத்தான் கதைப்பாள்.

"அம்மா, சீதனத்துக்காக வதைச்சுச் சாக்காட்டினதெண்டு கேக்கிறதுக்கு எங்கடை சட்டத்திலை தனிப் பிரிவில்லை. கொலையெண்டால் கொலையெண்டுதான் காட்டவேணும். அந்தப் பிள்ளையே சாகமுந்தி டொக்டரிட்டை, கதவை உள்ளாலை பூட்டிப்போட்டு நானாத்தான் கொளுத்தினன் எண்டு சொல்லியிருக்கு. உள்பக்கத்திலை உடைஞ்ச பூட்டும் இருக்கு. இந்தப் பூச்சைச் சுரண்டினால் வெளியாலை ஓட்டை தெரியும், ஆனா அந்த ஓட்டை எப்ப அடைச்சதெண்டு தானாச் சொல்லாது. அதை இந்த வீட்டிலை இருந்த ஆள்தான் சொல்லவேணும்."

"எனக்கென்ன தெரியும் பிள்ளை" என்றாள் கமலாசனி.

"தெரியாட்டி பரவாயில்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். அந்தப் பிள்ளை வாக்குமூலம் சொல்லேக்கை அபிநயா ஆற்றை மடியிலை இருந்தது?"

கமலாசனி கோழிகளைக் கூப்பிட்டுத் தீன் போடத் தொடங்கினாள். அருந்ததி எழும்பி, சேலையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது கமலாசனி அடுப்பில் பாளை வைத்து மூட்டினாள். ஈர விறகு சீறிப் புகைந்து, கண் கரித்து, ஒருவழியாகப் பிடித்தது. புதிதாக அடித்த சுண்ணாம்பின் மணம், புகையின் மணம், சட்டியில் வதங்கிய வெங்காயத்தின் மணம் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு மணம் மெல்ல மெல்ல ஊறி வந்தது. மூக்குக்கு முதல் தொண்டைக்குத் தெரிகிற, நாக்கில் எண்ணெயாகப் படிகிற மணம். மண்ணெண்ணெய். அந்த வளவில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. இருந்த கலனை அன்றைக்கே சுஜிதன் அப்புறப்படுத்திவிட்டான்.

கோழியைப் போட்டுக் கிளறினாள். மூடினாள். முதுகுக்குப் பின்னால் கேட்டது.

தொம்.

ஈரச் சாக்கை நிலத்தில் அடிக்கிற மாதிரி. திரும்பினாள். ஒன்றுமில்லை. மூலையில் விறகு, சுளகு, சாத்திவைத்த உலக்கை.

தொம்.

அதற்கு அவளிடம் ஒரு பெயர் இருந்தது. ஐயோ, ஏன் இல்லாமல்! வாரத்தில் இரண்டு தரமாவது கேட்ட சத்தம்தானே. கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே தொடங்கியது. உடையார்கட்டு வயல் பிரியந்தினிக்குச் சீதனமாக வந்தது. சுஜிதனுக்கு அதை விற்றுப் பிரான்சுக்குப் போகவேண்டும். அவளுடைய கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. "அது பிள்ளைக்கு" என்பாள் அவள், ஒவ்வொரு தரமும் அதே சொல். முதலில் கையால் அடித்தான். பிறகு பெல்ட்டால். விலா உடைந்தபோது மாட்டுக் கொம்பு பட்டதென்று ஆசுப்பத்திரியில் சொல்லவைத்தார்கள். வீட்டில் மாடு இல்லை என்பது அங்கே யாருக்குத் தெரியும்? அடி விழத் தொடங்கினால் கமலாசனி விறாந்தைக்கு வந்துவிடுவாள். கதிர்காமநாதன் வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று ரிவிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். குடும்பக் கதை வேலி தாண்டக்கூடாது பாருங்கோ!

கடைசி நாளும் இதே மைமல். இதே குசினி. அன்றைக்கு விறகுக்கட்டை. முதல் அடியில் அவளுடைய முன்பல் தெறித்து அம்மியில் விழுந்தது. இரண்டாம் அடிக்கு அவள் கையைக் கொடுத்தாள், முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து தொங்கியது. விழுந்தவளின் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடுப்புக்கல்லில் மோதினான். அதற்குப் பிறகும் அவள் "அது பிள்ளைக்கு" என்றாள், இரத்தம் வழிகிற வாயால். அவன் கலனை எடுத்தான். கமலாசனி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். ரிவியை ஏற்கெனவே கூட்டிவிட்டு வந்துதான் நின்றாள்.

அவள் கதவை நினைக்க விரும்பவில்லை. அகப்பையைக் கழுவப் போட்டாள்.

அப்போது வீட்டுக்குள் ரிவி பேசத் தொடங்கியது.

வீட்டில் யாருமில்லை. சுஜிதன் வந்தால் மோட்டர்சைக்கிள் சத்தம் கேட்டிருக்கும். ஏதோ நாடகத்தில் ஒரு பொம்பிளை அழ, பின்னால் வயலின் இழுத்தது. கமலாசனி முற்றத்தைக் கடந்து உள்ளே ஓடினாள். இருட்டிய விறாந்தையில் திரை மட்டும் நீலமாக எரிந்தது. ரிமோட் கதிரையில், அவள் வழமையாக வைக்கிற இடத்தில் கிடந்தது. திரையின் அடியில் சத்தத்தின் கோடு கூடிக்கொண்டு போனது, ஒவ்வொரு கட்டையாக, யாரோ பொறுமையாக அமத்துகிற மாதிரி. அவள் சுவரில் இருந்த செருகியையே பிடுங்கினாள். சத்தம் நின்றது. நின்ற அமைதிக்குள்ளே, பின்வளவில்—

கிறீச்.

டக்.

குழம்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. போகத்தான் வேண்டும், அடுப்பு எரிகிறது. போகாமல் இருந்தால் கூரை பற்றிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சேலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி அவள் திரும்ப முற்றத்தில் இறங்கினாள். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. குசினிக் கதவு மூடியிருந்தது. முட்டுக் கொடுத்த கல் வாசலுக்கு வெளியே கிடந்தது. பலகை இடுக்குகளில் செம்மஞ்சள் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. அடுப்பு வெளிச்சம் என்றாள். அடுப்பு வெளிச்சம் இப்படி எழும்பி எழும்பி ஆடுமா?

கதவு குலுங்கியது.

உள்ளே இருந்து. இரண்டு கையால். இல்லை, ஒரு கையால். மற்றது முறிந்த கை.

"மாமி."

கமலாசனியின் கால்கள் சேற்றில் நின்றுவிட்டன.

"மாமி, கதவைத் திறவுங்கோ மாமி."

அலறல் அல்ல. அதுதான் பொறுக்க முடியவில்லை. தேத்தண்ணி போடட்டோ மாமி என்று கேட்கிற அதே குரல், அதே பதமை. பச்சைப் பூச்சு வெந்து கொப்புளித்தது. உள்ளே இருந்து ஒரு வெக்கை வந்து அவளுடைய கண்ணிமையைச் சுட்டது. அடைத்த ஓட்டைகளிலிருந்து மரத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. பூச்சு வழிந்த இடத்தில், நெஞ்சு உயரத்தில், பலகையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கரிய அடையாளம் ஊறிப் பரந்தது. உள்ளங்கை. ஐந்து விரல். சிறிய கை.

"நானில்லை" என்றாள் கமலாசனி. "அவன்தான் ஊத்தினவன். அவன்தான் குச்சி தட்டினவன்."

"மாமி, கதவை."

ஓம். கதவு. ஊற்றியது அவன், நெருப்புக்குச்சி அவனுடையது. கொளுத்திவிட்டு அவன் வெளியே பாய்ந்து போய்க் கிணற்றடியில் கையைக் கழுவினான். அப்போது எரிந்துகொண்டு அவள் கதவுக்கு வந்தாள். வெளியே வந்திருந்தால் நாலடியில் கிணறு. நாலடியில் வாளி. நாலடியில் தண்ணீர். கமலாசனி நினைத்தது ஒன்றே ஒன்றுதான், இந்தக் கோலத்தில் இவள் றோட்டுக்கு ஓடினால் ஊர் பார்க்குமே என்று. கை தானாகப் போனது. மொட்டைப் பெருவிரல் தண்டின் பிடியில் ஊன்றித் தள்ளியது. கிறீச். டக். மறுபக்கத்தில் கை வந்து அறைந்தது. பிறகு விரல்கள் பலகையில் வழுகி இறங்குகிற சத்தம். பிறகு ரிவி.

உள்ளே சத்தம் அடங்கின பிறகுதான் கதவைத் திறந்து தூக்கிப்போன ஆசுப்பத்திரியில், துணி சுற்றின அந்த உடம்புக்குப் பக்கத்தில் அபிநயாவை மடியில் வைத்துக்கொண்டு காதோடு சொன்னதும் அவள்தான். "பிள்ளை என்னோடைதான் வளரப்போகுது. யோசிச்சுச் சொல்லு." பிரியந்தினி பிள்ளையைப் பார்த்தாள். டொக்டர் வந்தார். நானாத்தான் என்றாள்.

கமலாசனி சேற்றில் முழங்காலில் விழுந்தாள். இவ்வளவு நாளும் மடித்து மடித்து வைத்தது எல்லாம் வாய்க்கு வந்தது.

"சொல்லுறன்! நாளைக்குக் கோட்டிலை சொல்லுறன் பிள்ளை. திறாங்கு இந்தக் கதவின்ரை. பூட்டினது நான். என்ரை கையாலை நான்தான் பூட்டினனான். உன்ரை வாக்குமூலமும் நான் சொல்லுவிச்சது. எல்லாத்தையும் சொல்லுறன், ஆத்தை, என்னை விடு!"

வெளிச்சம் அவிந்தது.

கதவு மெதுவாக உள்ளே போனது. அடுப்பில் தணல். கோழிக் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வேறொன்றுமில்லை. பச்சைப் பூச்சு முழுசாக, மினுக்கமாக இருந்தது. தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும். கமலாசனிக்கு அழுகை வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினமாதிரி, மூச்சு அடிவயிறு மட்டும் போய்வந்தது. சொல்லப்போகிறாள். மறியல் கம்பிக்குள்ளே போனாலும் போகட்டும், சொல்லத்தான் போகிறாள்.

"என்னத்தைச் சொல்லப்போறியள்?"

சுஜிதன் கிணற்றடியில் நின்றான். நனைந்து தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. மோட்டர்சைக்கிளை ஒழுங்கையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான்; தாய் தனிய இருக்கும்போது யார் வந்து போகிறார்கள் என்று பார்க்க. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தம்பி..."

"ஆரோடை கதைச்சனீ?"

எப்போதும் நீங்கள் என்கிறவன். அந்த நீயைக் கேட்டதும் கமலாசனி முழங்காலிலேயே பின்னுக்கு நகர்ந்தாள். பிரியந்தினியோடும் அவன் முதலில் சத்தத்தைத்தான் தாழ்த்துவான்.

"தம்பி, அவள் வந்திட்டாள். உள்ளுக்கை நிக்கிறாள். எங்களாலை ஏலாதடா. சொல்லிப்போடுவம்."

அடி எங்கிருந்து வந்ததென்று அவள் காணவில்லை. காது அடைத்து ஒரு நீண்ட கூவல் கேட்டது, வாயில் உப்பு. சேற்றில் கிடந்தவளின் கொண்டையைப் பிடித்து அவன் இழுத்தான். பெற்ற தாய். அவளுடைய முழங்கால் முட்டுக்கல்லில் அடிபட்டுத் தோல் உரிந்தது. நிலைக்கட்டைப் பிடித்தாள். அவன் அந்த விரல்களைச் செருப்புக்காலால் மிதித்தான். அலறினாள். வயிற்றில் உதைத்தான். அலறல் நின்றது. மூச்சு நின்றது. உள்ளே தூக்கி எறியப்பட்டவள் அடுப்புக்கல்லில் தலை மோத விழுந்தாள். குழம்புச் சட்டி கவிழ்ந்து தணலை அவித்தது. கொதிகுழம்பு தொடையில் ஊற்றியது.

"விடியுமட்டும் கிடந்து யோசி" என்றான். "ஆட்டுக்கொட்டில். சொல்லிச் சொல்லிப் பார்."

கதவைச் சாத்தினான்.

இருட்டு.

அவனுடைய செருப்பு முற்றத்துச் சேற்றில் சதக் சதக்கென்று வீட்டுப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. விறாந்தைப் படியில் ஏறிய சத்தமும் கேட்டது. கமலாசனி நெளிந்து எழும்பினாள். தொடை எரிந்தது. கண்ணுக்குள் இரத்தம். ஆனால் அவன் போய்விட்டான். கதவுக்கு வெளியே பூட்டில்லை. உள்ளே இருந்த பூட்டையும் அவனே உடைத்துவைத்தான். இழுத்தால் திறக்கும். திறந்தால் கிணற்றடி, வேலியில் நுழைகிற பொட்டு, கதிர்காமநாதன் வீடு. தவழ்ந்து போனாள். பலகையின் குறுக்குச் சட்டத்தைப் பிடித்தாள். இழுக்கக் கை கொடுத்தாள்.

கிறீச்.

டக்.

இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். கதவு மலைமாதிரி நின்றது. அவன் வீட்டுக்குள் நிற்கிறான். அவனுடைய செருமல் அங்கே கேட்கிறது. அப்படியென்றால் இங்கே பூட்டியது யார்?

மண்ணெண்ணெய் மணந்தது. குளிர்ந்து, ஈரமாக, முதுகுப் பக்கமாக. சேலை முதுகோடு ஒட்டியது.

"தம்பி!" என்று கத்தினாள். "சுஜிதன்! கதவைத் திற!"

வீட்டுக்குள் ரிவி பேசத் தொடங்கியது.

நெருப்புக்குச்சி உரசுகிற சத்தம். ஒருக்கா. ஈரம். இன்னொருக்கா.

பிடித்தது.

வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பலகையில் அவளுடைய நிழல் பெரிதாக எழும்பியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழல், ஒரு கை முறிந்து தொங்க. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியாது. கண்ணைப் பலகை இடுக்கில் வைத்து அழுத்தினாள். வெளியே யாரோ நிற்கிறார்கள். நெருப்பின் வெளிச்சம் இடுக்கால் போய் அந்தச் சேலையில் பட்டது. கமலாசனியே உடுத்தியிருக்கிற சேலை. அந்தக் கை திறாங்கின் பிடியில் இருந்தது. நகமில்லாத பெருவிரல், இன்னும் கொஞ்சம் ஊன்றித் தள்ளியது.

"பிள்ளை, கதவைத் திற" என்றாள் கமலாசனி, பதமையாக.

வீட்டுக்குள் ரிவியின் சத்தம் இன்னும் கூடியது.